வினா எழுப்பும் வகுப்பறை: மலைப்பள்ளி ஆசிரியருக்குத் துணை எது?

போடிநாயக்கனூரிலிருந்து புறப்படும் மலைச்சாலை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் அங்கே முடிந்து, கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. மேற்கே சென்றால் பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல்; அப்பால் மூணாறு. ஏலமும் தேயிலையும் விளையும் இம்மலைகளில் உழைப்போரில் பெரும் பகுதியினர் தமிழ் பேசுவோர். பல தலைமுறைகளாக மலையிலேயே குடியிருப்போர் உண்டு. போடி, தேவாரம், கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து காலையில் ஜீப்பில் ஏறி வந்து மாலையில் இறங்கிச் செல்வோரும் உண்டு. அண்மை ஆண்டுகளில் மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் குடும்பங்கள் வந்து சேர்ந்துள்ளன.

இக்குடும்பங்களின் குழந்தைகள் அமரும் வகுப்பறையில் ஒரு மொழி மட்டும் ஒலிப்பதில்லை. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, பாடநூலில் ஒரு மொழி என்று வாழும் குழந்தை, வகுப்பில் வாய் திறவாமல் இருந்துவிடுவது எளிது. வாய் திறவாத குழந்தையை மந்தமான குழந்தை என்று கருதிவிடுவது அதைவிட எளிது. அத்தகைய குழந்தை ஐந்தாம் வகுப்பு வரை ஒரு வினாவும் கேளாமலே வந்து, பின்னர் தோட்ட வேலைக்குத் திரும்பிவிடுமானால், அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

குழந்தைகளுக்குக் கட்டாய இலவசக் கல்வி பெறும் உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டு நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. செயல்பாடு, கண்டறிதல், தேடியறிதல் ஆகியவற்றின் வாயிலாக, குழந்தையை மையமாகக் கொண்டு, அச்சமின்றிக் கற்கும் வகையில் கல்வி அமைய வேண்டும் என்று அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு விதிக்கின்றது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவும், 2007ஆம் ஆண்டின் கேரளக் கலைத்திட்ட வரைவும், 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இதே திசையையே காட்டுகின்றன. எனவே, இவ்வாறு கற்பிக்க வேண்டுமா என்பது இனி வினா அன்று. நாற்பது ஆண்டுகள் வேறு விதமாகக் கற்றும் கற்பித்தும் பழகிய ஒரு சமுதாயத்தில், ஓர் ஆசிரியர் இம்முறைக்கு மாற வேண்டுமானால் அவருக்கு எத்தகைய துணை தேவை என்பதே வினா. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு சொற்களின் பொருள்

மாணவர் மையக் கல்வி என்றதும் வட்டமாக அமர்ந்த குழந்தைகளும், வண்ண அட்டைகளும், சுவரில் தொங்கும் படங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. இவை வெளித்தோற்றம் மட்டுமே. குழந்தை ஏற்கெனவே அறிந்திருப்பது யாது, அது எவ்வாறு எண்ணுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பாடத்தைத் தொடங்குவதே மாணவர் மையக் கல்வியாகும். வினாவழிக் கற்றல் என்பது அதன் ஒரு படி மேலானது. விடையை முதலில் கூறி, பின்னர் அதனை மனனம் செய்விப்பதற்கு மாறாக, குழந்தையே ஒரு வினாவை எதிர்கொண்டு, உற்று நோக்கி, அளந்து, ஒப்பிட்டு, ஒரு முடிவுக்கு வந்து, அம்முடிவைப் பிறர் முன் நிலைநாட்டுவதே அதன் சாரம்.

எடுத்துக்காட்டாகப் போடிமெட்டுக்கு அருகில் ஐந்தாம் வகுப்பில் மழையைப் பற்றிய ஒரு பாடம் நடைபெறுவதாகக் கொள்வோம். வழக்கமான முறையில் ஆசிரியர், "தென்மேற்குப் பருவமழை எப்போது தொடங்கும்?" என்று கேட்பார். "ஜூன் மாதம்" என்று வகுப்பு ஒரே குரலில் கூறும். பாடம் முடிந்துவிடும்.

அதே பாடத்தை வேறு விதமாகவும் தொடங்கலாம். ஜூலை மாதத்தில் மேற்குச் சரிவில் மேகம் கவிந்து மழை பொழிகிறது. கீழே போடியில் வெயில் அடிக்கிறது. இதனை இக்குழந்தைகள் ஆண்டுதோறும் கண்ணால் காண்கிறார்கள். "மேலே நனைந்துகொண்டு புறப்பட்ட ஜீப், கீழே போய்ச் சேரும்போது ஏன் காய்ந்திருக்கிறது?" என்று ஆசிரியர் கேட்டுவிட்டுப் பொறுத்திருக்கிறார். மேகம் மலையில் முட்டி நின்றுவிடுகிறது என்கிறது ஒரு குழந்தை. கீழே சூடு அதிகம், மழை வரும் வழியிலேயே காய்ந்துவிடுகிறது என்கிறது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறுகையில் குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. மறுபுறம் இறங்குகையில் வெப்பமடைந்து வறள்கிறது. ஆயினும் ஆசிரியர் அதனை உடனே கூறிவிடுவதில்லை. நேரான பக்கங்களை உடைய ஒரு புட்டியின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து மழைமானி செய்ய வைக்கிறார். ஒன்று பள்ளியில் இருக்கும். மற்றொன்று போடியில் உறவினர் உள்ள ஒரு குழந்தையின் பொறுப்பில் கீழே இருக்கும். நாள்தோறும் மில்லிமீட்டர் அளவு குறிக்கப்படுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கீழ்ப்பக்கத்தின் அளவும் ஏறத் தொடங்கும்போது, புதியதொரு வினா தானே பிறக்கிறது.

இப்பாடத்திற்கு ஒரு புட்டியும் அளவுகோலும் தவிர வேறு செலவில்லை. பச்சை ஏலக்காய் உலரும்போது எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எஞ்சுகிறது என்னும் செய்தியைக் கொண்டு விகிதக் கணக்கையும் இவ்வாறே கற்பிக்கலாம். பொருள் தடையன்று. ஆசிரியரின் பழக்கமும் அச்சமுமே தடை. குழந்தைகள் தவறான விடை கூறினால் என்ன செய்வது, தமக்கே தெரியாத வினாவைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது, பாடப்பகுதி முடியாமற் போனால் மேலதிகாரி என்ன கூறுவார் என்ற அச்சங்கள் நியாயமானவை. அவற்றைச் சொற்பொழிவால் நீக்க இயலாது.

பயிற்சி முகாம் ஏன் போதவில்லை?

நம் நாட்டில் ஆசிரியர் பயிற்சி பெரும்பாலும் அருவி முறையில் நடைபெற்று வந்துள்ளது. மாநில அளவில் சிலர் பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் மாவட்ட அளவில் பலருக்கும், இவர்கள் வட்டார அளவில் எல்லா ஆசிரியர்களுக்கும் அதனை எடுத்துரைக்கின்றனர். குறைந்த காலத்தில் பெருந்தொகையினரைச் சென்றடைவது இதன் சிறப்பு. ஒவ்வொரு படியிலும் பொருள் சற்று நீர்த்துப்போவது இதன் குறை. இதைவிடப் பெரிய குறை வேறொன்று உள்ளது. குழந்தைகளைக் கேட்கவிடுங்கள் என்னும் செய்தியே, கேள்விக்கு இடமில்லாத விரிவுரையாக ஆசிரியர்களுக்கு வழங்கப்படுகிறது. ஆசிரியர் கேட்டது சொல்லை. கண்டது பழைய முறையை. வகுப்பறைக்குத் திரும்பியதும் அவர் கண்டதையே செய்கிறார்.

அமெரிக்கக் கல்வியாளர்களான புரூஸ் ஜாய்சும் பெவர்லி ஷவர்சும் 1980களின் தொடக்கத்தில் இச்சிக்கலை ஆராய்ந்தனர். கோட்பாட்டை விளக்குதல், செய்து காட்டுதல், பயிற்சி அறையில் செய்து பார்த்தல், குறைநிறைகளை எடுத்துரைத்தல் ஆகிய நான்கும் ஆசிரியரின் அறிவையும் திறனையும் வளர்க்கக்கூடும் என்றாலும், புதிய முறை அன்றாட வகுப்பில் வேர்கொள்வதற்கு ஐந்தாவதாக ஒன்று தேவை என்று அவர்கள் வாதிட்டனர். ஆசிரியரின் சொந்த வகுப்பறையில், ஒரு சக ஆசிரியர் தொடர்ந்து உடனிருந்து வழிகாட்டுதலே அது. விளையாட்டு வீரனுக்குப் பயிற்சியாளர் துணை நிற்பது போன்றது இது.

ஹோசங்காபாத் பட்டறிவு

இதே உண்மையை நம் நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகள் அதற்கும் முன்னரே கண்டிருந்தன. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ரசூலியா நட்பகக் கிராம மையம் ஆகிய இரு தொண்டு நிறுவனங்கள் 1972ஆம் ஆண்டு பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. பல்கலைக்கழக அறிவியலாளர்கள் பலர் அதில் பங்கேற்றனர். 1978ஆம் ஆண்டு அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதனை நடத்திற்று.

அத்திட்டத்தில் குழந்தைகள் மனனம் செய்வதற்கான அறிவியல் பாடநூல் இல்லை. சோதனைகளுக்கும் வினாக்களுக்கும் வழிகாட்டும் பயிற்சி நூலே இருந்தது. கருவிகள் கிராமத்தில் கிடைக்கும் பொருள்களால் ஆனவை. தேர்வுக்கு நூலைக் கொண்டு செல்லலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. இவை யாவும் புகழ்பெற்றவை. ஆயினும் அதன் அடித்தளம் ஆசிரியர் பயிற்சியே. மாணவர் செய்ய வேண்டிய சோதனைகளை ஆசிரியர்கள் தாமே செய்து பார்த்தனர், தவறினர், வாதிட்டனர். பயிற்சி ஒரே முகாமுடன் முடியவில்லை. மூன்று கோடை விடுமுறைகளில் தொடர்ந்தது. பள்ளி திறந்த பிறகு மாதந்தோறும் அருகமைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடித் தம் இடர்ப்பாடுகளைப் பேசினர். திட்டத்தைச் சேர்ந்தோர் பள்ளிகளுக்கே சென்று வகுப்பில் அமர்ந்தனர். காலப்போக்கில் அந்த ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர் குழு ஒன்று உருவாயிற்று.

ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியிருந்த அத்திட்டத்தை 2002ஆம் ஆண்டு மாநில அரசு நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் நடைபெற்ற ஒரு முயற்சி ஓர் ஆணையால் முடிவுற்றது. ஆசிரியரிடம் வேர்கொண்ட முறை நிலைத்து நிற்க வேண்டுமானால், அது துறையின் அன்றாட அமைப்பிலும், பெற்றோரின் நம்பிக்கையிலும் வேர்கொள்ள வேண்டும் என்பது அதன் முடிவு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல்

போடிமெட்டின் கிழக்குப் புறத்தில், தமிழ்நாட்டில் நடைபெற்ற மாற்றம் அளவில் மிகப் பெரியது. ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில், சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்ட பன்மைவகுப்புக் கற்பித்தல் முறையைச் சென்னை மாநகராட்சியின் ஆசிரியர்கள் நேரில் சென்று கண்டனர். 2003ஆம் ஆண்டு, எம். பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, பதின்மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்னர் 2007-08ஆம் கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை எட்டியது.

பாடம் சிறு சிறு மைல்கற்களாகப் பிரிக்கப்பட்டது. ஏணிப்படியைப் பார்த்துக் குழந்தை தன் அட்டையைத் தானே எடுத்தது. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை தாழ்ந்தது. படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல் எழுந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் குழந்தைகளோடு அமர்ந்தார். ஒரு நாள் பள்ளிக்கு வராத குழந்தை, மறுநாள் தான் விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது. ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் பெற்றோரோடு இடம்பெயரும் குழந்தைக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இதன் முதற்கட்டத்தில் ஆசிரியர்கள் மாதிரி வகுப்பைக் கண்ணால் கண்டதும், அட்டைகளை ஆசிரியர்களே உருவாக்கியதும் கவனிக்கத்தக்கவை. திட்டம் விரைந்து விரிந்தபோது நிலைமை மாறியது. தாம் உருவாக்காத அட்டைகள், தாம் காணாத மாதிரிகள், நிரப்ப வேண்டிய பதிவேடுகள் ஆகியன பல ஆசிரியர்களிடம் ஆணைகளாகவே வந்து சேர்ந்தன. அட்டையிலிருந்து அட்டைக்கு நகர்வதே கற்றல் ஆகிவிடுமோ, குழந்தை செயல்படுகிறதே தவிர வினா எழுப்புகிறதா என்ற ஐயங்கள் அப்போதே எழுந்தன. செயல்வழிக் கற்றல் பின்னர் எளிமையாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளைக் கொண்ட எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. முறைகள் மாறினும் ஆசிரியருக்கு வகுப்பறைக்குள் யார் துணை என்ற வினா மாறவில்லை.

வட்டார வள மையங்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் இத்துணைக்காகவே ஏற்பட்ட அமைப்பு. மலையின் மேற்குப் புறத்திலும் இவ்வமைப்பு உண்டு. 1990களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் கேரளத்தில் செயல்முறை சார்ந்த கல்வியைக் கொண்டுவந்தபோது, வட்டார வள மையங்களும் அருகமைப் பள்ளிகளின் ஆசிரியர் கூட்டங்களும் அங்கு உருவாயின. ஆகவே புதிய பதவிகளைப் படைக்க வேண்டிய தேவை அவ்வளவாக இல்லை. இருக்கும் பதவியில் உள்ளவர் தம் நாளை எவ்வாறு செலவிடுகிறார் என்பதே முதன்மையானது. புள்ளிவிவரம் திரட்டுவதிலும் படிவம் சரிபார்ப்பதிலும் அவரது நாள் கழியுமானால், அவர் வழிகாட்டியாக இருக்க இயலாது.

உடனிருந்து வழிகாட்டுதல்: நடைமுறை

உடனிருந்து வழிகாட்டுதல் மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது, வகுப்புக்கு முன் உரையாடல். இன்று என்ன கற்பிக்கப்போகிறீர்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என வழிகாட்டி ஆசிரியரைக் கேட்கிறார். கவனிக்க வேண்டியதைத் தேர்ந்தெடுப்பவர் வகுப்பாசிரியரே. இரண்டாவது, வகுப்பை நோக்குதல். வழிகாட்டி பின்வரிசையில் அமர்ந்து, நல்லது, தீயது என்று மதிப்பிடாமல், நடந்ததை நடந்தவாறே குறிக்கிறார். மூன்றாவது, வகுப்புக்குப் பின் உரையாடல். குறிப்பை ஆசிரியரிடமே கொடுத்து, இதிலிருந்து உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கிறார். அடுத்த வருகைக்குள் மாற்றிப் பார்க்க வேண்டிய ஒன்றே ஒன்றை இருவரும் சேர்ந்து முடிவு செய்கின்றனர்.

அந்த ஒன்று மிகச் சிறியதாக இருக்கலாம். மேரி பட் ரோ என்னும் அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, வினா கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே பொறுத்திருக்கின்றனர் என்று கண்டார். அதற்குள் விடை வராவிடில் வேறு குழந்தையைக் கேட்கின்றனர், அல்லது தாமே விடை கூறிவிடுகின்றனர். அப்பொறுமையை மூன்று வினாடிகளுக்கு மேல் நீட்டியபோது, குழந்தைகளின் விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாத குழந்தைகளும் பேசின. குழந்தைகளே வினா எழுப்புவதும் மிகுந்தது.

மூன்று வினாடி என்பது சிறு பொழுதுதான். ஆயினும் ஒரு மொழியில் கேட்டதை மற்றொரு மொழியில் எண்ணி, மீண்டும் முதல் மொழியில் விடை கூற வேண்டிய எல்லைப்புறக் குழந்தைக்கு, வகுப்பில் பேசுவதற்கான வாயிலே அதுதான். தாம் எவ்வளவு நேரம் பொறுக்கிறோம் என்பதை எந்த ஆசிரியரும் தாமே அறிய முடியாது. உடனிருந்து ஒருவர் எண்ணிச் சொல்ல வேண்டும். வழிகாட்டியின் பயன் இங்கேதான் தெளிவாகிறது. ஒரு பாடவேளையில் ஆசிரியர் கேட்ட வினாக்கள் எத்தனை, அவற்றுள் ஒரே சொல்லில் விடை கூறத்தக்கவை எத்தனை, குழந்தைகள் கேட்டவை எத்தனை, பேசாமலே இருந்த குழந்தைகள் எத்தனை பேர் என்னும் நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், ஆசிரியர் அதைப் பார்த்துத் தாமே முடிவுக்கு வருவார். தாமே கண்டறிந்ததை அவர் எளிதில் விடமாட்டார். குழந்தைக்கு உரிய விதி ஆசிரியருக்கும் உரியதே.

தேவைப்படும்போது வழிகாட்டி வகுப்பை எடுத்துக் காட்ட வேண்டும்; அவ்வகுப்பில் தவறவும் துணிய வேண்டும். நாற்பது குழந்தைகளுக்கு முன் நின்று மழைப் பாடத்தை நடத்தித் திணறிய வழிகாட்டியிடம் ஆசிரியர் மனந்திறந்து பேசுவார். கதவருகே நின்று குறை கூறிச் செல்பவரிடம் பேசமாட்டார்.

ஆய்வுகள் கூறுவது

உடனிருந்து வழிகாட்டுதல் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து மேத்யூ கிராஃப்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். இவை பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றியவை. கற்பிக்கும் முறையில் 0.49 திட்ட விலக்க அளவும், மாணவர் தேர்ச்சியில் 0.18 திட்ட விலக்க அளவும் முன்னேற்றம் காணப்பட்டது. ஆசிரியர் எண்ணிக்கை பெருகிய திட்டங்களில் பயன் குறைந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. விரைந்து விரிவாக்கும் ஆர்வத்திற்கு இது ஓர் எச்சரிக்கை.

நம் சூழலுக்கு நெருக்கமானது தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் நடைபெற்ற சோதனை. தாய்மொழியான செட்சுவானாவில் வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களுள் ஒரு பிரிவினருக்கு மைய முகாமில் பயிற்சி தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு வகுப்பறையிலேயே வழிகாட்டுதல் தரப்பட்டது. பாடக்குறிப்புகளும் வாசிப்பு நூல்களும் இரு பிரிவினருக்கும் ஒன்றே. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மாணவர் வாசிப்புத் திறனில் முகாம் பயிற்சியின் பயன் 0.12 திட்ட விலக்கம்; வகுப்பறை வழிகாட்டுதலின் பயன் 0.24. செலவு கூடுதல்தான், பயனோ இரு மடங்கு.

மலைப்பாதை கடினம், வழிகாட்டி நேரில் செல்லாமல் கைப்பேசி வாயிலாகவே வழிகாட்டலாகாதா என்ற வினா இங்கு எழும். அதே நாட்டின் முமலாங்கா மாகாணத்தில் இதுவும் சோதிக்கப்பட்டது. ஆங்கில வாசிப்பில் நேரில் வழிகாட்டுதல் மூன்றாண்டுகளில் தந்த பயனைத் தொலைவழி வழிகாட்டுதல் தரவில்லை. கைப்பேசி இரு வருகைகளுக்கு இடையே தொடர்பு அறாமல் காக்கும், வருகைக்கு மாற்றாகாது.

எல்லைப்புறத்துக்குரிய தேவைகள்

போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு வட்டாரத்திற்கும், பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் எல்லைச் சிற்றூர்களுக்கும் பொதுவான சில தேவைகள் உள்ளன.

முதலாவது மொழி. தொடக்க நிலையில் சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி அளிக்க முயல வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. கேரள அரசு தமிழ்வழிப் பாடநூல்களையும் வெளியிட்டு வருகிறது. ஆயினும் வழிகாட்டி இரு மொழியும் அறிந்தவராக இல்லாவிடில், வகுப்பின் பின்வரிசையில் குழந்தைகள் தமக்குள் முணுமுணுக்கும் அறிவார்ந்த விடை அவர் காதில் விழாது. குழந்தை தன் முதல் எண்ணத்தைத் தன் மொழியிலேயே சொல்லலாம்; பாடமொழிக்கு அதனைக் கொண்டு செல்வது அடுத்த படி என்ற நடைமுறையை ஆசிரியர் கைக்கொள்ள வழிகாட்டி துணை நிற்க வேண்டும்.

இரண்டாவது எண்ணிக்கை. ஒரு பள்ளிக்கு மாதம் இரு நாள் என்று கொண்டால், பத்துப் பள்ளிகளுக்கு மாதம் இருபது நாள் ஆகிறது. ஒரு வழிகாட்டியின் ஆற்றலுக்கு அதுவே எல்லை. அவர் பொறுப்பில் முப்பது பள்ளிகளை ஒப்படைத்தால், அவர் வருவார், கையெழுத்திடுவார், செல்வார்.

மூன்றாவது தனிமை. சிறு பள்ளியில் இரண்டு, மூன்று ஆசிரியர்களே இருப்பர். ஒரே பாடத்தைப் பற்றிப் பேச மற்றொருவர் இருக்கமாட்டார். கோத்தாரிக் கல்விக் குழு 1966ஆம் ஆண்டு அறிக்கையிலேயே பரிந்துரைத்த பள்ளித் தொகுதி முறை இங்கு மிகப் பொருத்தமானது. மாதம் ஒரு முறை அருகமைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடி, ஒருவர் வகுப்பெடுக்க மற்றவர் காணும் ஏற்பாட்டைச் செய்யலாம். தொடுபுழாவிலும் உத்தமபாளையத்திலும் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளுமானால், மழைமானிப் பாடத்தை மலையின் இருபுறத்துப் பள்ளிகளும் சேர்ந்தே நடத்தலாம். மாநில எல்லை மேகத்தைத் தடுப்பதில்லை. குழந்தைகளின் அளவுத்தாள்களையும் அது தடுக்க வேண்டியதில்லை.

அலுவலர் கவனத்திற்கு

ஆய்வாளரும் வழிகாட்டியும் ஒருவராக இருத்தல் ஆகாது. இதுவே அமைப்பு நிலையில் தலையாய விதி. தம் குறையை ஒருவரிடம் ஒப்புக்கொண்டால் அது பணிப்பதிவேட்டில் ஏறும் என்று அஞ்சும் ஆசிரியர், வழிகாட்டி வரும் நாளுக்கென ஒரு நாடகத்தை ஒத்திகை பார்த்து வைப்பார். குழந்தைகளும் அதில் நடிப்பர். எனவே வழிகாட்டியின் குறிப்பு ஆசிரியரின் உடைமையாக இருக்க வேண்டும். மேலதிகாரிக்கு அது செல்லலாகாது. மேலதிகாரி அறிய வேண்டியது, வருகை நடந்ததா, உரையாடல் நடந்ததா என்பவை மட்டுமே.

தேர்வும் பாடப்பகுதியும் இம்முறைக்கு இணங்க வேண்டும். விளக்கமும் காரணமும் கேட்காத தேர்வுத்தாளை வைத்துக்கொண்டு, வினாவழிக் கற்பிக்குமாறு ஆசிரியரைக் கேட்பது அறமாகாது. ஆண்டுக்கு ஐம்பது மணி நேரத் தொடர் பணிமேம்பாட்டை 2020ஆம் ஆண்டுக் கொள்கை எதிர்நோக்குகிறது. அந்நேரத்தில் ஒரு பகுதியை முகாமிலிருந்து வகுப்பறைக்கு மாற்றுவது, கூடுதல் செலவின்றியே தொடங்கக்கூடிய சீர்திருத்தம். பெற்றோரையும் மறக்கலாகாது. மழைமானியோடு வீடு திரும்பும் குழந்தையைக் கண்டு, பள்ளியில் பாடம் நடக்கவில்லையோ என ஐயுறும் தாய்க்கு, அவள் குழந்தையே அந்த அளவுத்தாளை விளக்கிக் காட்டும் ஒரு மாலைக் கூட்டம் போதிய விடையாக அமையும்.

இத்தகைய முயற்சியின் வெற்றியை எதனால் அளப்பது? நடத்தப்பட்ட முகாம்களின் எண்ணிக்கையாலும், வழங்கப்பட்ட அட்டைகளின் எண்ணிக்கையாலும் அன்று. போடிமெட்டுக்கு அருகில் ஒரு வகுப்பறையில், ஆண்டுத் தொடக்கத்தில் வாய் திறவாதிருந்த ஏலத்தோட்டத் தொழிலாளியின் மகள், ஆண்டு முடிவில், "ஐயா, அப்படியானால் போடியில் ஐப்பசி மாதம் மட்டும் ஏன் மழை பெய்கிறது?" என்று கேட்டாளா என்பதே அளவுகோல். அவ்வினாவுக்கு முன் மூன்று வினாடி பொறுத்திருக்க அவளுடைய ஆசிரியர் கற்றிருக்க வேண்டும். அவர் கற்கும் வரை ஒருவர் அவருடன் அமர்ந்திருக்க வேண்டும்.